‘தாங்கோ’ என்று பாடிய செல்வமலர்

என்னைக் கை தட்ட வேண்டாம் என்று சொன்னவள் செல்வமலர். தேவாலயம் நிறைந்த சனத்துக்கு முன்னால், பாட்டை இடையில் நிறுத்தி, மேடையில் நின்று விரலை நீட்டிச் சொன்னாள். வருடக்கணக்காகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை. மொன்றியலில் இருக்கிற தமிழ்ச் சனமும் ஆற விடுவதாக இல்லை.

லிட்டில் பேர்கண்டிப் பக்கம் கறுப்பினச் சனத்தின் பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு அங்கே பாட்டுக் கச்சேரி. எங்கள் வேலையிடத்துத் தமிழ் ஆட்கள் ஒரு வான் வண்டி நிறையப் போனோம். செல்வமலர் முதல் தடவையாக முன்னுக்கு நின்று பாடப் போகிறாள், நாலு பேர் தெரிந்த முகம் இருக்க வேண்டாமா? மேளக்காரன் தொடங்க, ஓர்கன் சேர, பின்னால் நின்ற கூட்டம் சிவப்பு அங்கியோடு ஆடத் தொடங்கியது. சனம் எழும்பி நின்று தட்டியது. நானும் தட்டினேன். சும்மா ஒப்புக்கு இல்லை, மனம் நிறைந்து தட்டினேன். என் கை ட்ரக் ஓட்டி, வண்டில் தள்ளிக் காய்த்த கை. சத்தம் கொஞ்சம் பெரிதுதான்.

பாட்டு தடுமாறியது. மேளக்காரன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். செல்வமலர் கையை உயர்த்தி எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

“அருளம்பலம் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கை தட்டாமல் இருங்கோ. பாட்டுக் குழம்புது.”

தமிழில்தான் சொன்னாள். ஆனால் அந்த விரல் எந்தப் பாஷைக்காரனுக்கும் விளங்கும். முழுத் தேவாலயமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த தொப்பி போட்ட வயதான மனுசி என் முழங்காலைத் தடவி ஏதோ ஆறுதல் சொன்னார். அது இன்னும் கேவலம்.

அதோடு முடிந்ததா? எங்கள் வேலையிடத்து யூனியன் பிரதிநிதி அருமைராசா அந்த வானில் வந்தவன். அவனுக்கு இது போதும். கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்தால், “அண்ணை, நீங்கள் பூவை மட்டும் எறியுங்கோ, தட்டிப்போடாதேங்கோ” என்பான். பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டினால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வான். கேட்ட சனம் சிரிக்கும். நான் கலியாண வீடுகளில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன்.

நான் செய்த பிழை என்ன? கோயிலில் வெள்ளிக்கிழமை கூட்டுப் பிரார்த்தனையில் எங்கே தட்டுவோமோ அங்கேதான் தட்டினேன். அடி தொடங்குகிற இடத்தில், ஒன்று என்கிற இடத்தில். அது பிறந்ததிலிருந்து கையில் ஊறினது. அந்தச் சனம் நாலு எண்ணினால் ஒன்றை விட்டுவிடும். இரண்டிலும் நாலிலும் தட்டும். எங்களுக்கு அடி விழுகிற இடத்தில் அவர்களுக்கு மூச்சு. அவர்களுடைய கை அகலுகிற நேரம் என் கை மோதினால், பாடுகிறவளுக்குப் படியில் கால் தவறின மாதிரி இருக்குமாம். இதெல்லாம் எனக்குப் பிறகு விளக்கினார்கள். விரலை நீட்ட முதல் விளக்கியிருக்கலாம்.

இப்படி ஒரு காரியம் செய்தவளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால், அவளில் ஏதோ இருக்க வேண்டும்.

செல்வமலர் ஏழாலைக் கிராமத்துப் பிள்ளை. குரல் சின்ன வயதிலேயே கனத்த குரல். தொலைபேசி எடுத்தால் “தம்பி, அம்மா நிக்கிறாவோ?” என்றுதான் மறுபக்கம் கேட்கும். பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாப் பாட்டுக்கு எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தின ரீச்சர், இவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, “நீ வாயை மட்டும் அசை, சத்தம் விடாதை” என்று சொன்னாராம். அவள் அப்படியே வாயை மட்டும் அசைத்துப் பள்ளிக்கூடத்தை முடித்தாள். இதை அவளே எனக்குச் சொன்னாள். உள்ளுக்குள் நினைத்தேன்: வாயை அசை என்று சொல்லி வளர்ந்தவள், என்னைப் பார்த்துக் கையைத் தட்டாதே என்கிறாள்.

கணேசலிங்கம் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டுக் கலியாணம் கட்டினான். அவன் லொங்குய்யில் அலுவலகக் கட்டடங்கள் துப்புரவாக்குகிறவன். பேச்சுக் குறைந்த மனிதன். லாசாலில் ஒரு அப்பார்ட்மென்ரில் இரண்டாம் மாடி. ஒரே மகள் சாம்பவி. தாயோடு பிரெஞ்சில் சண்டை பிடிப்பாள், ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழில் “அம்மா” என்பாள். செல்வமலர் டோர்வலில் பிளேன்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் வேலைக்குச் சேர்ந்தாள். நானும் அங்கேதான். அவர்கள் கட்டுகிற தட்டுகளை வண்டிலோடு ஏற்றிக்கொண்டுபோய் பிளேன் வாசலில் தூக்கிக் கொடுக்கிற ட்ரக் என்னுடையது.

கிச்சனுக்குள் கூலர் என்று ஒரு அறை. அறை என்று சொல்லக்கூடாது, மண்டபம். சாப்பாடு கெடாமல் இருக்கக் குளிராக வைத்த மண்டபத்துக்குள் நின்று தட்டில் பாணும் பழமும் அடுக்க வேண்டும். நாள் முழுக்க. செல்வமலர் குளிருக்கு முனகுவாள். பாட்டென்று இல்லை, தேவாரமும் இல்லை, சும்மா தொண்டைக்குள் ஒரு முனகல். அப்படி முனகினால் நெஞ்சு சூடாக இருக்கும் என்பாள்.

அந்த லைனில் மிஸ் வெர்னா என்று ஜமேக்கா மனுசி ஒருவர் நின்றார். ஓய்வுபெறப் போகிற வயது. ஒருநாள் அவர் வேலையை விட்டுவிட்டு வண்டில்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தேடினார். “என்ன தேடுறியள்?” என்று கேட்டதற்கு, “யாரோ உள்ளுக்கு ரேடியோ கொண்டுவந்திருக்கிறார்கள், மனேஜர் கண்டால் வேலை போய்விடும்” என்றாராம். கடைசி வண்டிலுக்குப் பின்னால் நீல ஜக்கெற்றோடு செல்வமலர் நின்றாள்.

மிஸ் வெர்னா அந்தத் தேவாலயத்துப் பாட்டுக் கூட்டத்தை நடத்துகிறவர். அவர் செல்வமலரை எங்கே நிறுத்தினார் தெரியுமா? முன் வரிசையில். அவர்களுடைய பாட்டில் கனத்த குரல்தான் வீட்டுக்குத் தூண் மாதிரி.

கை தட்டப் பழக அவளுக்கே ஒரு வருடம் பிடித்தது. மிஸ் வெர்னா அவளைத் தேவாலயத்துக்குள் மேலும் கீழும் நடக்க விட்டார். இடக்கால் வைக்கும்போது சும்மா இரு, வலக்கால் வைக்கும்போது தட்டு. செல்வமலர் வீட்டுக்கு வந்து குசினியிலிருந்து ஹோலுக்கும் ஹோலிலிருந்து குசினிக்கும் தட்டித் தட்டி நடந்தாள். கீழ் வீட்டுக்காரன் பொறுக்கமுடியாமல் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்தான். “என்னைவிட அந்த ஆள் சரியான இடத்தில இடிச்சுது அண்ணை” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கோயிலில் கதை கிளம்பியது. செல்வமலர் மாறிவிட்டாள், கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டாள் என்று. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது யோகராணி, அவளும் எங்கள் கிச்சனில் சலட் லைனில் நிற்கிறவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“என்ன செல்வமலர், வெள்ளிக்கிழமை முருகன், ஞாயிற்றுக்கிழமை யேசுவோ?”

“ஓம் அக்கா. அவை ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் ஏன் சொல்லுறியள்?”

யோகராணி பொங்கல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கணேசலிங்கம் மட்டும் ஞாயிறுகளில் தேவாலயத்துக்கு வெளியே காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தான். சைவக்காரன் உள்ளுக்கு வரக்கூடாது என்று அவனுக்கு அவனே போட்ட சட்டம். ஒரு தை மாதம் காரின் பற்றரி இறந்துபோக, குளிர் தாங்காமல் உள்ளே வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தான். பிறகு வெளியே போகவில்லை. பற்றரியை மாற்றின பிறகும் போகவில்லை.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

எல்லை தாண்டி அகதியாக வந்த சனம் ஏஜென்சி மூலமாக எங்கள் கிச்சனுக்கு வேலைக்கு வரத் தொடங்கியது. ஹெயிற்றி ஆட்கள், நைஜீரியா ஆட்கள், கூடுதலாகப் பெண்கள். நிரந்தர வேலைக்காரருக்குக் கொம்பனி நீல ஜக்கெற் கொடுக்கும். உள்ளுக்குப் பஞ்சு வைத்தது. ஏஜென்சி ஆட்களுக்கு இல்லை. அதை ஏஜென்சி கொடுக்க வேண்டுமென்று கொம்பனி சொன்னது. கொம்பனிதான் கொடுக்க வேண்டுமென்று ஏஜென்சி சொன்னது. நடுவில் அந்தப் பெண்கள் குப்பை போடுகிற கறுப்புப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, ஸ்வெற்றருக்கு மேல் மாட்டிக்கொண்டு கூலருக்குள் நின்றார்கள். நடந்தால் சரசரவென்று கேட்கும்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்களும் அகதியாக வந்தவர்கள்தான். வந்து கனகாலம் ஆகிவிட்டது.

செல்வமலருக்குப் பக்கத்தில் மிர்லாண்ட் என்று ஒரு ஹெயிற்றிப் பெண் நின்றாள். கை விறைத்து ஒருநாள் தட்டை நழுவ விட்டாள். செல்வமலர் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். சுப்பர்வைசர் பிரெஞ்சில் கத்தினான், கொம்பனி உடுப்பை வெளி ஆளுக்குக் கொடுக்கக்கூடாதாம். ஜக்கெற் திரும்பி வந்தது. செல்வமலர் அதைப் போடவில்லை. அன்றைக்கு முழுக்க அவளும் ஒரு கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அருமைராசாவிடம் போனாள். அவன்தானே யூனியன்.

“அவையள் யூனியனுக்குள்ள வராயினம் பிள்ளை. ஏஜென்சி ஆக்கள். நாங்கள் வாயைக் குடுத்தா எங்கட வேலையையும் ஏஜென்சிக்குக் குடுத்துப்போடுவாங்கள். விசர் வேலை பாக்காதையும்.”

அவன் சொன்னதிலும் பயம் இருந்தது. பொய்யென்று சொல்லமாட்டேன்.

அந்தக் கிழமை கூலருக்குள் அவளுடைய முனகல் ஒரு பாட்டாக மாறியது. எழுதி வைக்கவில்லை. முனகி முனகியே கட்டினாள். அந்தத் தேவாலயப் பாட்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது: ஒருத்தி கேட்பாள், கூட்டம் பதில் சொல்லும். அதே மாதிரி இவள் தமிழில் கேட்டாள். பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் வைத்தாள்.

*குளிருக்கு ஒரு போர்வை*
*தாங்கோ*
*விறைச்ச கைக்கு ஒரு சூடு*
*தாங்கோ*
*ஆண்டவனைக் கேக்கேல்லை, ஆக்களைத்தான் கேக்கிறன்*
*தாங்கோ, தாங்கோ*

அதை மிஸ் வெர்னாவுக்குப் பாடிக் காட்டினாள். வரிகளின் கருத்தையும் சொன்னாள். கூட்டத்தில் ஒரு கிழவர், ஆண்டவனைக் கேட்காத பாட்டைத் தேவாலயத்தில் எப்படிப் பாடுவது என்று கேட்டார். மிஸ் வெர்னா யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆட்களைக் கேட்கும்போது ஆண்டவரும் பக்கத்தில்தானே நிற்பார், அவருக்கும் காது இருக்கிறது” என்றார். அதோடு கிழவரும் ‘தாங்கோ’ பழகினார். அந்த ஒரு சொல்லை அந்தச் சனம் பாடினால் ரோமம் சிலிர்க்கும். கெஞ்சுகிற மாதிரியும் இருக்கும், தராவிட்டால் போகமாட்டோம் என்கிற மாதிரியும் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய குரல் கரகரக்கத் தொடங்கியது. சளித் தடிமன் என்று நினைத்தோம். கழுத்தில் ஒரு கட்டி. வெட்டி எடுக்க வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, கதைக்கலாம், பாட்டுக்கு வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார். சாம்பவிதான் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொன்னவள். அன்றைக்கு அந்தப் பிள்ளை முழு நாளும் தமிழில் கதைத்தாள் என்று கணேசலிங்கம் சொன்னான்.

செல்வமலர் கூலர் வாசலில் என் ட்ரக்குக்குக் கிட்ட வந்து நின்றாள்.

“அண்ணை, ஒப்பரேஷனுக்கு முதல் அந்தப் பாட்டை ஒருக்கா இஞ்ச பாடவேணும். கேற்றடியில. ஷிப்ட் மாறேக்க.”

“தேவாலயத்தில பாடுறீர்தானே.”

“அங்க பாடினா ஆர் ஜக்கெற் தரப்போயினம்? அண்ணை, அது கேள்விப் பாட்டு. நான் கேக்கிறதுக்கு இஞ்ச நிக்கிற ஆக்கள் பதில் சொல்லவேணும். எங்கட ஆக்கள் சொல்லவேணும். பதில் இல்லாட்டி அது பாட்டில்லை, ஒரு விசரி கேற்றடியில நிண்டு கத்தினதுதான். இந்தக் குரல் இருக்கேக்க ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன். நீங்கள் எங்கட சனத்தை வெளிய கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“நான் கூப்பிட்டா ஆர் வருவினம்? என்னைத் தட்டாதை எண்டு சிரிக்கிற சனம்.”

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுப்பர்வைசர் கூப்பிட, போய்விட்டாள்.

ஆனாலும் நான் கேட்டேன். லஞ்ச் ரூமில் வைத்துக் கேட்டேன். எல்லோரும் தங்கள் சோற்றுப் பெட்டியைப் பார்த்தார்கள். அருமைராசா, “அண்ணை, அங்க போனாலும் உங்களைத் தட்ட விடமாட்டினம்” என்றான். சிரித்தார்கள். அதோடு சரி.

மாசி மாதம். வெயில் எறிக்கிற, மூக்கு அறுகிற குளிர். ஷிப்ட் மாறுகிற பின்னேரம் தேவாலய வான் வந்து கேற்றுக்கு வெளியே, நடைபாதையில் நின்றது. இறங்கின சனம் குளிர் ஜக்கெற்றுக்கு மேல் சிவப்பு அங்கியை மாட்டியிருந்தது. ஒவ்வொருவரும் பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி. செல்வமலர் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றாள். கணேசலிங்கம் அவளுடைய தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

நான் ஓடுபாதைப் பக்கம் சாப்பாடு ஏற்றிக் கொடுத்துவிட்டு வெறும் ட்ரக்கோடு வந்துகொண்டிருந்தேன். கேற்றடியில் சனம் மறித்து நிற்க, ட்ரக்கை ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

பாட்டு எடுபடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பிளேன் எழும்பும், செல்வமலர் நிறுத்துவாள். அது போகும், திரும்பத் தொடங்குவாள். மேளம் இல்லை, ஓர்கன் இல்லை. தட்டுகிற தட்டுத்தான் பாட்டைப் பிடிக்க வேண்டும். எல்லோருடைய கையிலும் தடித்த கையுறை. தட்டினால் தலையணையைத் தட்டின மாதிரி ஒரு பொத்துப் பொத்து. காற்று அதையும் கொண்டுபோயிற்று. ஒருவர் தட்டுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அவள் “குளிருக்கு ஒரு போர்வை” என்று கேட்க, ‘தாங்கோ’ ஆளுக்கொரு நேரம் சிதறி வந்தது. குரல் வேறு கரகரத்து உடைந்தது. கிச்சன் கட்டடத்துக் கண்ணாடிக்கு உள்ளே எங்கள் சனம் வலைத் தொப்பியோடு வரிசையாக நின்று பார்த்தது. அருமைராசாவும் நின்றான். காவல்காரன் தொலைபேசியில் யாரோடோ கதைத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவ்வளவு நாளும் எனக்குத் தட்டத் தெரியாது என்று சொன்ன சனம், பஞ்சுக் கையுறையோடு தட்டிக்கொண்டு நிற்கிறது. நான் என் கையுறையைக் கழற்றி, ட்ரக் பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

வெறும் பெட்டி. கோயில் முரசு மாதிரி முழங்கியது.

திரும்ப அடித்தேன். என் கை எனக்குத் தெரிந்த இடத்தில்தான் விழும். ஒன்று என்கிற இடத்தில். வேறு இடம் அதற்குத் தெரியாது. மிஸ் வெர்னா சடாரென்று திரும்பினார். இவரும் விரலை நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையை மேலே காட்டி, வா வா என்று அழைத்தார். பிறகு தன் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்தினார். அவர்களும் கையுறையைக் கழற்றினார்கள். என் அடி விழும், அதற்கு அடுத்ததில் அவர்களுடைய தட்டு விழும். என் அடி, அவர்களுடைய தட்டு. அதுவரை நொண்டிக்கொண்டு நின்ற பாட்டு இரண்டு காலையும் ஊன்றி நடக்கத் தொடங்கியது.

செல்வமலர் கண்ணை மூடினாள். “ஆண்டவனைக் கேக்கேல்லை” என்று எடுத்தாள். அந்தக் கரகரப்பும் பாட்டுக்குள் போய்விட்டது. “ஆக்களைத்தான் கேக்கிறன்.”

முதலில் கதவைத் திறந்துகொண்டு வந்தவள் யோகராணி. ஜக்கெற் இல்லை, கையில் சலட் லைன் பிளாஸ்ரிக் கையுறை. கேற்றுக்கு உள்பக்கம் நின்று “தாங்கோ” என்றாள். தமிழ்ச்சி சொல்கிற தாங்கோ. சிவப்பு அங்கிக்காரர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார்கள், அந்தச் சொல் இப்படித்தான் சொல்லப்படுமா என்று. அவளுக்குப் பின்னால் மிர்லாண்டும் கறுப்புப் பைக்காரப் பெண்களும் சரசரத்துக்கொண்டு வந்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள், ஒருவர் இருவராக. அருமைராசா கடைசியாக வந்தான். வந்து என் பக்கத்தில் நின்று, “நான் சிகரெட் குடிக்க வந்தனான்” என்றான். அவன் சிகரெட்டை விட்டுக் கனகாலம். பிறகு அவனும் தகரத்தில் அடித்தான். என் இடத்தில்தான் அடித்தான்.

ஜக்கெற் பங்குனி முடிகிற நேரம் வந்தது. வெளியே பனி உருகிவிட்டது, ஆனால் கூலருக்குப் பருவம் ஏது? புதியவை இல்லை. வேலையை விட்டுப் போனவர்கள் போட்டவை, நெஞ்சில் பழைய பெயர் தைத்தது. மிர்லாண்டுக்குக் கிடைத்ததில் ‘ஸ்டீவ்’ என்று இருந்தது. இப்போது கிச்சன் முழுக்க அவளுக்குப் பெயர் ஸ்டீவ். செல்வமலரை மனேஜர் கூப்பிட்டு, இனி ஒருமுறை கேற்றடியில் கூட்டம் சேர்த்தால் வேலை இல்லை என்று வெருட்டினார். அவள் “சரி, இனி ஏலாது” என்றாளாம். எதை நினைத்துச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கியிராது. ட்ரக் பெட்டியில் ஒரு நெளிவு விழுந்தது. கேட்டார்கள். ஐஸ் கட்டி விழுந்தது என்றேன்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். செல்வமலர் இன்றைக்கும் அதே லைனில்தான் நிற்கிறாள், அதே நீல ஜக்கெற்றோடு. கதைக்கிறாள். காகிதத்தைக் காகிதத்தில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், கிட்டப் போய்க் கேட்க வேண்டும். முனகல் இல்லை. கூலருக்குள் போனால் இப்போது குளிர் கூடுதலாகத் தெரிகிறது, எனக்கு மட்டும்தானோ தெரியாது.

ஒப்பரேஷன் நாள் காலை நான்தான் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கணேசலிங்கம் கார்ச் சாவியை என்னிடம் தந்துவிட்டான். உடுப்பு மாற்றிக் கட்டிலில் படுத்திருந்தாள். தலையில் வலைத் தொப்பி. லைனுக்கு வேலைக்கு வந்த மாதிரியே இருந்தாள். சாம்பவி தாயின் காலடியில் இருந்து விரல்களைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணைக்கு இன்னும் என்னில கோபம், என்ன?” என்றாள் செல்வமலர்.

“கோபமெண்டில்லை.”

“பொய் சொல்லாதேங்கோ. கலியாண வீட்டில கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறியளாம்.”

“நீர்தானே தட்டவேண்டாமெண்டனீர்.”

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. கணேசலிங்கம் போத்தலை நீட்டினான். தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சாம்பவி தட்டிவிட்டாள்.

“எனக்கு ரீச்சர் செய்ததை நான் உங்களுக்குச் செய்துபோட்டன் அண்ணை. அண்டைக்கு இரவே நினைச்சனான். சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“வாற ஞாயிறு மிஸ் வெர்னா தேவாலயத்தில அந்தப் பாட்டைப் பாடுவிக்கிறா” என்றாள். “என்ர வரியை வேற ஆருக்கும் குடுக்கவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நான் கேக்கிற இடம் சும்மா கிடக்கட்டும். ஆனா அந்த இடத்தில ஒண்டுமே கேக்காட்டி, அவையளுக்கு எங்க பதில் சொல்லுறதெண்டு தெரியாது.”

தாதி வந்து கட்டிலின் சக்கரத்தைக் காலால் தட்டி விடுவித்து, பெயரை உடைத்து உடைத்து வாசித்து, “மதாம், போகலாமா” என்று பிரெஞ்சில் கேட்டாள். செல்வமலர் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினாள். மேடையில் என்னைப் பார்த்து நீட்டின அதே விரல். கட்டில் நகரத் தொடங்கியது. நான் கூடவே நடந்தேன். அந்தக் கனத்த குரலில் அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“முன்வரிசையில இருங்கோ அண்ணை. நான் கேக்கிற இடம் வரேக்க நீங்கள் தட்டுங்கோ. உங்கட இடத்தில, ஒண்டில. பலமாத் தட்டுங்கோ.”